நாலு குளிசையில் பங்கு

வட்டக்கச்சி
12.06.2022

அன்புள்ள தம்பி சுகிர்தனுக்கு அக்கா எழுதுவது,

அம்மா, அத்தான், நான் மூன்று பேரும் குறையில்லாமல் இருக்கிறோம். ஜெர்மன் பாணைத் தின்று நீ மெலிந்துபோனாய் என்று அம்மா உன் படத்தைப் பார்க்கும் நேரமெல்லாம் மூக்கைச் சீறுகிறா. எனக்கென்றால் கன்னம் ஊதின மாதிரித்தான் தெரிகிறது.

இந்தக் காலத்தில் என்ன கடிதம் என்று சிரிப்பாய். நீ போன் எடுத்தால் அம்மா பக்கத்தில் வந்து குந்திவிடுவா. எனக்கு இரத்தம் குறைவு, அதற்குத்தான் கிளினிக் போகிறேன் என்றுதான் அவாவுக்கு இன்னும் சொல்லி வைத்திருக்கிறோம். இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால் எனக்கு முதல் அவா போய்விடுவா. அதோடு நீ கதைக்கிற வேகத்துக்கு எனக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை. கடிதம் என்றால் நாலு தரம் வாசிக்கலாம்.

என் பாடு நல்லது. நோய்க் கலங்கள் நூற்றுக்கு 0.1 தான் என்று டொக்டர் கொப்பியில் எழுதி, கீழே சந்தோசமாக ஒரு கோடும் இழுத்தார். நாளுக்கு நாலு குளிசை, சாப்பாட்டோடு. ஆனால் அந்தக் குளிசைக்கு இப்போது நாட்டில் தட்டுப்பாடு. பழைய ஆட்களுக்கு மட்டும் கொடுக்கிறார்கள். கிளினிக்கில் பக்கத்து வாங்கில் முல்லைத்தீவுப் பிள்ளை ஒன்று குந்தியிருந்தது, ஸஹீலா என்று பெயர், முப்பது வயதும் இராது, எனக்குள்ள அதே வருத்தம். "உங்கட பேர் லிஸ்டில இருக்கு, மருந்து வந்தா அறிவிப்பம்" என்று அனுப்பிவிட்டார்கள். வெறுங்கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் குளிசைப் பையையே பார்த்தபடி இருந்தது. பரந்தன் சந்தி வரைக்கும் ஒரே பஸ்ஸில்தான் வந்தோம்.

சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் காணாது. வழமைபோலக் கூட்டம் கூடிப் பங்கு பிரித்தார்கள். மூன்று ஏக்கர் வைத்திருப்பவருக்கும் ஒரு ஏக்கருக்குத்தான் தண்ணீர். எல்லாருக்கும் கொஞ்சம், ஒருவரையும் விடுவதில்லை. உன் அத்தான் முணுமுணுத்துக்கொண்டுதான் கையைத் தூக்கினார்.

நீ அங்கே என்னத்தைத்தான் படிக்கிறாய்? "என்ர மகன் கான்சருக்கு மருந்து கண்டுபிடிக்கிறான்" என்று அம்மா சந்தையில் சொல்லித் திரிகிறா. விளங்கக்கூடியதாக ஒருக்கால் எழுது.

சாமத்தில் கண் முழிக்காதே.
உன் அக்கா
பிரேமிளா


கீல், ஜெர்மனி
03.07.2022

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதினெட்டு நாள் ஊர்ந்து வந்து சேர்ந்தது. நான் சுகமாக இருக்கிறேன். கன்னம் ஊதவில்லை, அது கமெராவின் பிழை. 0.1 என்று வாசித்ததும் ஆய்வுகூடத்திலேயே துள்ளினேன். பக்கத்து மேசைக்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் என்ன படிக்கிறேன் என்று வீட்டில் ஒருவர் கேட்பது இதுதான் முதல் தரம். இனி விடமாட்டேன், கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்து வாசியுங்கள். ஒரு கலத்தை ஒரு வயலாக நினையுங்கள். சுற்றிவர இருக்கும் வரம்புதான் மென்சவ்வு. அந்த வரம்பில் சில புரதங்கள் குத்தி நிற்கும். சில வெளியில் இருப்பதை உள்ளே எடுக்கும், சில உள்ளே இருப்பதை வெளியே தள்ளும். வெளியே தள்ளுவதை, மாரி வெள்ளத்துக்கு அத்தான் பூட்டுகிற இறைக்கும் மிசின் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உடம்புக்கு ஆகாததை இறைத்து ஊற்றுவதுதான் அதன் வேலை, நல்ல வேலைதான். சனியன் என்னவென்றால், புற்றுநோய்க் கலமும் அதே மிசினை வைத்திருக்கிறது. நாங்கள் மருந்து கொடுக்கிறோம், மருந்து வரம்பால் உள்ளே கசிகிறது, மிசின் அதை அப்படியே வெளியே இறைத்துவிடுகிறது. சில கலங்கள் ஒன்றுக்குப் பத்து மிசின் பூட்டிக்கொள்ளும். அப்போது எந்த மருந்து கொடுத்தும் சரிவராது. அந்த மிசினை எப்படி நிற்பாட்டுவது என்பதுதான் என் படிப்பு.

படம் கீறி வைத்திருக்கிறேன். அம்புக்குறி போட்டவைதான் மிசின்கள். உங்களுக்கு இந்தப் பயம் தேவையில்லை, உங்கள் கலங்களில் மருந்து நன்றாக வேலை செய்கிறது.

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் போடுங்கள்.
அன்புடன்
சுகிர்தன்


வட்டக்கச்சி
09.10.2022

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறபடி இருக்கிறோம். உனக்குக் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு திரி. பதில் எழுதச் சுணங்கிவிட்டது, கோபிக்காதே.

உன் படத்தை அத்தானுக்குக் காட்டினேன். "இவன் கட்டியிருக்கிற வரம்பு ஒரு மழைக்கும் தாங்காது" என்றார். எனக்கென்றால் நல்லாக விளங்கியது.

போன கிழமை கிளினிக்கில் 1.4 என்றார்கள். 0.1 ஆக இருந்தது இப்படி ஏறியிருக்கிறது. டொக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குளிசை ஒழுங்காப் போடுறியளோ?" என்றார். "ஓம்" என்றேன். "அப்ப ஏன் இப்பிடி?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்று மாதம் பார்ப்போம் என்றார்.

அதுதான் உன்னைக் கேட்கிறேன். அந்த மிசின் ஒருவருக்குள் தானாக வருமா? அல்லது ஏதும் செய்தால்தான் வருமா? வந்தால் பிறகு போகுமா? டொக்டரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது, இது உனக்குத் தெரிந்த விசயம்தானே.

ஸஹீலா எனக்கு இறால் கருவாடு கொண்டு வந்து தந்தாள். அவளுக்கு இப்போது உடம்பு பரவாயில்லை, வயிற்று வீக்கமும் வற்றியிருக்கிறது. அம்மா கருவாட்டைப் பொரித்துவிட்டு, "சுகிர்தன் இருந்தா இதில பாதி போயிருக்கும்" என்றா.

நீ நேரத்துக்குச் சாப்பிடு.
அக்கா பிரேமிளா


கீல்
01.11.2022

அன்புள்ள அக்காவுக்கு,

என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனந்தான் சரியில்லை. 1.4 என்று வாசித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. எனக்கு விளங்கவில்லை அக்கா. மூன்று வருடமாகக் கேட்ட மருந்து ஏன் திடீரென்று கேட்காமல் போகவேண்டும்?

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். மிசின் எப்படி வருகிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நாங்களே அதை வரப்பண்ணுகிறோம். மருந்துக்கு அசையாத கலங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டும். அதற்கு ஒரு முறை இருக்கிறது. நல்ல கலங்களைக் குப்பியில் வளர்த்து, அவற்றுக்கு முழு அளவு மருந்து ஊற்றமாட்டோம். ஊற்றினால் எல்லாம் செத்துவிடும். பாதி ஊற்றுவோம், சில நேரம் அதிலும் பாதி. பலவீனமானவை சாகும், கெட்டிக்காரக் கலங்கள் மிஞ்சும். மிஞ்சியவை மிசினைக் கூட்டிக்கொண்டு பெருகும். இப்படி ஏழெட்டு மாதம் பழக்கினால் பிறகு முழு மருந்தை ஊற்றினாலும் சிரித்துக்கொண்டு நிற்கும். என் மேசையில் இப்போது அப்படி ஒரு குப்பி இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அதற்கு அரை மருந்து ஊற்றுவது என் வேலை.

ஆனால் நீங்கள் முழு அளவு போடுகிறவர். அதுதான் குழப்பம். ஒன்று மட்டும் கேட்கிறேன்: நாலு குளிசையும் ஒன்றாகத்தான் போடுகிறீர்களா? ஒரு நாளும் தவறுவதில்லையே? தேசிக்காய், நாட்டு மருந்து ஏதும் சேர்க்கிறீர்களா? ஒவ்வொன்றுக்கும் மறுமொழி எழுதுங்கள்.

பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்
சுகிர்தன்


வட்டக்கச்சி
05.02.2023

தம்பிக்கு,

சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். நாங்களும் இருக்கிறோம்.

மார்கழியில் வெள்ளம் வந்து மேட்டு வாய்க்காலை உடைத்தது. பிறகு பசளை இல்லை. அப்படியிருந்தும் காலபோக நெல் வெட்டு முடிந்தது, பதர் கொஞ்சம் கூட. அம்மாவின் முழங்கால் எண்ணெய்க்கு அசைகிறது. பக்கத்து வளவு இரஞ்சிதம் அக்காவின் மாடு எங்கள் பயிற்றம் பந்தலைத் தின்றுவிட்டது. அதற்கு அம்மா ஒரு கிழமை கோபம் போட்டு, பொங்கலுக்குப் பொங்கல் கொடுத்து முடித்துக்கொண்டா. தேசிக்காய் நான் சேர்ப்பதில்லை. நாட்டு மருந்தும் இல்லை.

வேறு புதினம் ஒன்றும் இல்லை.

கிளினிக்கில் 5.8 என்றார்கள். நீ அதைப் போட்டு மண்டையை உடைக்காதே.

அக்கா


கீல்
01.03.2023

அக்கா,

உங்கள் சுகத்தைக் கேட்கவே பயமாக இருக்கிறது. மூன்று மாதம் கழித்துக் கடிதம் எழுதி, மாடு பயிற்றம் பந்தல் தின்ற கதையை அரைப் பக்கத்துக்கு எழுதி, கடைசியில் 5.8 என்று ஒரு வரி. நான் என்ன செய்ய?

என் பேராசிரியரிடம் உங்கள் இலக்கங்களைக் காட்டினேன். மருந்துக்குப் பழகிவிட்டது போலத்தான் இருக்கிறது, அடுத்த மருந்துக்குப் போகவேண்டும், அதுவும் இல்லையென்றால் எலும்பு மச்சை மாற்றவேண்டும் என்றார். கூடப் பிறந்தவர்களுடையது பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. நான் வருகிறேன். ஏப்ரல் இருபதுக்குப் பிளேன் ரிக்கெற் பார்த்திருக்கிறேன்.

ஆறு மாதமாவது அங்கே நிற்க வேண்டிவரும். அவ்வளவு காலம் என் இடத்தை வைத்திருக்க முடியாது என்று இங்கே சொல்லிவிட்டார்கள். விசாவும் அதோடு போகும். போகட்டும். உள்ளூரில் விஞ்ஞான ரீச்சர் வேலை கிடைக்காமலா போய்விடும்? புற்றுநோய்க் கலத்தின் மிசினைப் பற்றி நாலு வருடம் படித்துவிட்டு என் சொந்த அக்காவின் மிசினை நிற்பாட்ட முடியாத படிப்பு எனக்கு எதற்கு?

அம்மாவுக்கு ஏதாவது சொல்லி வையுங்கள், லீவில் வருகிறேன் என்று.

சுகிர்தன்


வட்டக்கச்சி
26.03.2023

என் தம்பிக்கு,

நீ சுகமாக இரு. ரிக்கெற் எடுக்காதே. எடுத்திருந்தால் நிற்பாட்டு. முதலில் இதை வாசித்து முடி.

நான் நாலு குளிசை போடவில்லை. போன ஆனி மாதத்திலிருந்து இரண்டுதான் போடுகிறேன். மற்ற இரண்டும் ஸஹீலாவுக்கு.

அவள் கேட்கவில்லை. அதை நீ நன்றாக மனதில் வைத்துக்கொள். அன்று பஸ்ஸில் நான்தான் பையைத் திறந்து மாதக் குளிசையில் சரிபாதியை அவள் சீலைத் தலைப்பில் கொட்டினேன். "அக்கா, அப்ப உங்களுக்கு?" என்றாள். "குளத்தில தண்ணி பாதியெண்டா பாதி விதைக்கிறம் தங்கச்சி. ஒருத்தரையும் காய விடுறேல்ல" என்றேன். பெரிய நாட்டாமை மாதிரி! எனக்கு 0.1 தானே, கிட்டத்தட்ட மாறிவிட்டது, பாதி போதும் என்று நினைத்தேன். பாதித் தண்ணீருக்குப் பாதி நெல்லு வரும். பாதிக் குளிசைக்குப் பாதிச் சுகம் வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? நான் பிறந்ததிலிருந்து இந்த ஊரில் பங்கு பிரித்து ஒன்றும் கெட்டதில்லை.

பிறகு உன் கார்த்திகைக் கடிதம் வந்தது. குளக்கட்டில் துருசடியில் குந்தியிருந்து வாசித்தேன். பாதி ஊற்றுவோம், கெட்டிக்காரக் கலங்கள் மிஞ்சும், பழக்குவோம் என்று எழுதியிருந்தாய். நீ குப்பிக்குள் செய்வதை நான் இரண்டு பெண்களுக்குள் செய்துகொண்டிருக்கிறேன்.

அன்றே நிற்பாட்டியிருக்கலாம் என்று சொல்வாய். எப்படி நிற்பாட்டுவது? ஒவ்வொரு கிளினிக் நாளும் இன்று சொல்லிவிடுவோம் என்றுதான் போவேன். அவள் கருவாட்டுப் பொதியோடு பரந்தன் சந்தியில் நிற்பாள். "அக்கா, இண்டைக்குப் படியெல்லாம் ஏறினனான், மூச்சு வாங்கேல்ல" என்பாள். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்ல? உன் அத்தானுக்கும் தெரியாது. டொக்டரிடம் சொன்னால் என் குளிசையையும் வெட்டிவிடுவார்களோ என்று பயம்.

நீ வந்து உன் எலும்பைத் தந்தால், என்னுடைய பொய்க்குத் தருகிறாய். உன் படிப்பையும் நான் தின்ற ஆளாய்ப் போவேன். அதுதான் எழுதுகிறேன்.

என்னைப் பேசு, எவ்வளவும் பேசு. ஆனால் ஒன்றுக்கு மட்டும் மறுமொழி சொல். ஸஹீலாவுக்குள்ளும் நான் பழக்கிவிட்டேனா? நல்லது செய்கிறேன் என்று அந்தப் பிள்ளையின் உயிரிலும் கை வைத்துவிட்டேனா? போனில் சொல்லாதே, அம்மா இருப்பா.

அக்கா


கீல்
14.05.2023

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று போனில் நான் "நாலு" என்றதும் நீங்கள் "ஓம்" என்றதும் அம்மா "என்ன நாலு?" என்றதும் "நாலு கிலோ மா" என்று நீங்கள் சமாளித்ததும் எனக்கு இன்னும் காதுக்குள் கேட்கிறது. நாலும் போடுவதாக நம்புகிறேன். உங்கள் உடம்பு எப்படி?

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் உங்களை நன்றாகப் பேசியிருந்தேன். விசர் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதும் அப்படித்தான், கொஞ்சம் மரியாதையாக. பிறகு உங்கள் பழைய கடிதங்களை எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். ஜூன் பன்னிரண்டாம் திகதிக் கடிதத்திலேயே ஸஹீலா இருக்கிறா. வாங்கில், வெறுங்கொப்பியோடு. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நானும் வாசித்திருக்கிறேன். வாசித்துவிட்டு மிசின் படம் கீறி அனுப்பியிருக்கிறேன். அந்தப் பிள்ளைக்கு மருந்து கிடைத்ததா என்று ஒரு வரி கேட்கவில்லை. அடுத்த கடிதத்தில், மருந்தில்லாத ஒருத்திக்கு வீக்கம் வற்றிவிட்டது என்று நீங்கள் எழுத, அதையும் தாண்டிப் போயிருக்கிறேன். இதைத்தான் நான் ஆராய்ச்சி என்று செய்கிறேன்.

இந்தக் குளிசை சென்னையில் டொக்டரின் துண்டைக் காட்டினால் கடையில் வாங்கலாம். என்னோடு படித்த ஒருத்தன் அங்கேதான் இருக்கிறான். ஒரு வருடமாக அங்கேதான் இருந்தான் அக்கா. நீங்கள் கேட்டிருந்தால், அல்லது நான் கேட்டிருந்தால், ஒரு கிழமை வேலை. ஸஹீலாவின் மச்சான் மஹ்றூப் துணி எடுக்கச் சென்னை போய்வருபவர் என்று நீங்கள் போனில் சாடையாகச் சொன்னீர்கள். அவர் கையில் மூன்று மாதக் குளிசை கொடுத்தாயிற்று. டொக்டரிடம் இரண்டு பேரும் போய் உள்ளதைச் சொல்லுங்கள். அவர் கடிக்கமாட்டார். இனி நாலு நீங்கள், நாலு ஸஹீலா. பங்கு வேண்டாம்.

உங்கள் கேள்விக்கு: தெரியாது. உண்மையாகவே தெரியாது. பாதி மருந்து பழக்கியும் இருக்கலாம், இத்தனை மாதம் உயிரைப் பிடித்தும் வைத்திருக்கலாம். இரண்டும் ஒன்றாக நடந்திருக்கலாம். பேராசிரியரிடம் கேட்டேன், அவரும் அதையேதான் சொன்னார்.

ரிக்கெற்றை நிற்பாட்டிவிட்டேன். பரிசோதனை முடிவு வந்ததும் எழுதுங்கள்.

சுகிர்தன்


வட்டக்கச்சி
27.08.2023

தம்பிக்கு,

நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். நீ எப்படி?

டொக்டரிடம் சொன்னோம். அவர் எங்களைப் பேசவில்லை. இரண்டு கொப்பியிலும் திகதி போட்டு, இன்றிலிருந்து நாலு என்று எழுதினார். பேசியிருந்தால் நல்லது போல இருந்தது.

மூன்று மாதம் இரண்டு பேரும் நாலு நாலு போட்டோம். போன வெள்ளி முடிவு வந்தது. எனக்கு 0.9.

ஸஹீலாவுக்கு முன்பு பதினொன்று, இப்போது பதினான்கு.

ஒரே குளிசை, ஒரே பெட்டி. எனக்குக் கேட்கிறது, அவளுக்குக் கேட்கவில்லை. மருந்து மாற்றவேண்டும், அந்த மருந்து எப்போது வரும் என்று தெரியாது என்றார்கள். அவள் அதைக் கேட்டுவிட்டு என் கையைப் பிடித்து, "அல்ஹம்துலில்லாஹ், உங்களுக்கு இறங்கிட்டுது அக்கா" என்றாள். உண்மையான சந்தோசம், நடிப்பில்லை. நான் கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு ஏன் அப்படி வந்தது என்று தெரியவில்லை.

நான் பழக்கிவிட்டேன், சுகிர்தன். எனக்கு முதலே முழுக் குளிசை போட்ட உடம்பு, தாங்கிவிட்டது. அவளுக்குத் தொடக்கமே பாதி. உன் குப்பி மாதிரி. நீ இதற்கு ஒன்றும் எழுதத் தேவையில்லை.

அக்கா


முல்லைத்தீவு
10.09.2023

பிரேமிளா அக்காவின் தம்பி அவர்களுக்கு,

உங்களுக்கும் உங்கள் வேலைக்கும் அல்லாஹ் நலம் தரட்டும். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, எங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிறபடி நானா என்றே எழுதுகிறேன். விலாசம் அக்காவின் கடித உறையிலிருந்து போன வருடமே எழுதி வைத்திருந்தேன், ஒரு நாள் நன்றி சொல்ல. இப்போது ஓர் உதவி கேட்கத்தான் எழுதுகிறேன்.

முடிவு வந்த பிறகு இரண்டு தரம் கிளினிக் போனோம், அக்கா இப்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருப்பதில்லை. நான் முன்சீட்டில் இடம் பிடித்து வைத்தாலும் பின்னால் போய் நிற்கிறா. கருவாடு வாங்குகிறா இல்லை. "அக்கா, என்ன கோபம்?" என்றால், "உன்ர முகத்தைப் பாக்க ஏலாம இருக்கடி" என்று அழுகிறா. என்னைத் தான் கெடுத்துவிட்டதாக நினைக்கிறா.

நானா, என்னோடு சேர்த்து அன்று லிஸ்டில் மூன்று பேர் இருந்தோம். மற்ற இரண்டு பேரும் மாரி முடியும்வரைகூட இருக்கவில்லை. நான் பங்குனியில் என் மகளைத் தரம் ஒன்றில் சேர்த்தேன். கையைப் பிடித்து நடந்து கூட்டிக்கொண்டு போனேன். அது அக்காவின் இரண்டு குளிசையில் நடந்த நடை. இதைச் சொன்னால் அவ காது கொடுக்கிறா இல்லை. நீங்கள் சொன்னால்தான் கேட்பா, உங்கள் கடிதத்தைத்தான் மடித்து மடித்து வாசிப்பா.

எனக்குள் இருப்பதை அக்கா பழக்கவில்லை என்று ஒரு கடிதம் எழுதுங்கள். விஞ்ஞானமாக எழுதுங்கள், படமும் கீறுங்கள். பொய்யென்றாலும் பரவாயில்லை, அந்தப் பாவத்தை நான் சுமக்கிறேன். அந்தப் பஸ் நீண்ட பயணம் நானா, தனியாக இருந்து போக ஏலாது.

நான் எழுதியதை அக்காவுக்குச் சொல்லாதீர்கள்.
ஸஹீலா


கீல்
01.10.2023

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்கவேண்டும். 0.9 நல்ல இலக்கம்.

ஸஹீலாவின் பரிசோதனைத் தாள்களை மஹ்றூப் படமெடுத்து அனுப்பினார். அவற்றை வடிவாகப் பார்த்தேன். மிசின்கள் பழக்கி மட்டும் வருவதில்லை. சில பேருடைய நோய்க் கலங்களில் முதல் நாளிலிருந்தே, ஒரு குளிசையும் போட முன்பே, மிசின்கள் நிறைய இருக்கும். ஸஹீலாவுடையது உறுதியாக அந்த வகை. தொடக்கத்திலிருந்து நாலு போட்டிருந்தாலும் உறுதியாக இதே முடிவுதான் வந்திருக்கும். இதற்கும் நீங்கள் கொடுத்த பாதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நீங்கள் கொடுத்தது அவவைத் தாங்கி வைத்திருந்தது, அது மட்டும் உறுதி.

படம் கீறியிருக்கிறேன். இடப் பக்கம் பழக்கிய கலம், வலப் பக்கம் ஸஹீலாவின் கலம். வித்தியாசம் தெரியும்.

அடுத்த மருந்துக்குச் சென்னை நண்பன் ஓடித் திரிகிறான். கிடைக்கும் போல இருக்கிறது.

அன்புடன்
சுகிர்தன்


வட்டக்கச்சி
29.10.2023

என் செல்லத் தம்பிக்கு,

இங்கே மழை தொடங்கிவிட்டது, விதைப்பும் நடக்கிறது. அம்மாவுக்குச் சளி, மற்றபடி நல்லம். உன் கடிதம் கிடைத்தது.

சின்ன வயதில் அம்மாவின் அலுமாரியில் பால்மாவைக் களவாய்த் தின்றுவிட்டு நீ என்ன செய்வாய்? "நான் இல்லை, சத்தியமா நான் இல்லை, அம்மாவாணை நான் இல்லை" என்று மூன்று தரம் சொல்வாய். வாயைச் சுற்றி மா ஒட்டியிருக்கும். இந்தக் கடிதத்தில் "உறுதி" என்று மூன்று தரம் எழுதியிருக்கிறாய். ஒன்றரை வருடமாக எனக்குத் தெரியாது, விளங்கவில்லை என்று எழுதிய பிள்ளைக்குத் திடீரென்று எல்லாம் உறுதி. ஒரு பகிடிகூட விடவில்லை. இடப் பக்கமும் வலப் பக்கமும் ஒரே படத்தைத்தான் கீறி வைத்திருக்கிறாய், விசரா.

உன்னிடம் இதை யார் கேட்டார்கள் என்று எனக்குத் தெரியும். என் கடித உறையைத் தடவித் தடவி வாசித்தவள் ஒருத்திதான். நான் அவளிடம் அதைக் கேட்கமாட்டேன், நீயும் சொல்லாதே.

வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குப் போனேன். பரந்தன் சந்தியில் அவள் ஏறி முன்சீட்டில் பையை வைத்துப் பின்னால் என்னைப் பார்த்தாள். போய் அவள் பக்கத்தில் இருந்தேன். உன் கடிதத்தை எடுத்து, பஸ் குலுக்கலோடு குலுக்கலாக, முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்துக் காட்டினேன். படத்தையும் காட்டினேன். "பாத்தியே, வித்தியாசம் தெரியுது" என்றேன். "ஓம் அக்கா, நல்லாத் தெரியுது" என்றாள். இரண்டு பேரும் அந்தப் படத்தைக் குனிந்து பார்த்தபடி ஆனையிறவு தாண்டும் வரைக்கும் அழுதோம். நான் நம்பிவிட்டேன் என்று அவள் நினைக்கிறாள், நினைக்கட்டும்.

சிலவேளை நீ எழுதியது உண்மையாயும் இருக்கலாம். உனக்கும் அது தெரியாது என்றுதான் நினைக்கிறேன். எனக்கு இப்போது அது தெரியவேண்டும் என்றும் இல்லை. அவளுடைய புது மருந்தை மட்டும் எப்படியாவது எடுத்துத் தா. அதற்கு ஓடு. படம் கீறிக்கொண்டு இருக்காதே.

செவ்வாய்க்கிழமைகளில் அந்தக் குப்பிக்குப் பாதி ஊற்றும்போது எங்களை நினைத்துக்கொள்.

கருவாடு வந்திருக்கிறது. அம்மா பொரிக்கிறா. சாப்பிட்டுவிட்டு நாலும் போடவேண்டும்.

உன் அக்கா
பிரேமிளா